ஆர்ச் வைத்தால் மரியாதையா?

முதல்லயே சொல்லிடறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க வீடு பாகாயம். டவுன் பஸ் ஏறினா தொரப்பாடி தாண்டி வேலூர் கோட்டை. சின்ன வயசிலிருந்து பார்த்த இடமாச்சே என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் கோட்டைப் பக்கத்தையே எடுத்தேன். நூறு வருஷப் பழைய செங்கல் நூலகம் ஒன்று அங்கே இருப்பதாகக் கற்பனை. அதோடு சேர்த்துப் புதிதாக ஒரு விங் டிசைன் பண்ணணும்.

முதல் அடி மேப்பிலேயே விழுந்தது. கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். 1958 சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டணும். நான் குறித்த இடம் 80 மீட்டர்! சைட்டை நகர்த்தினேன்.

இரண்டாவது அடி ரிவ்யூவில். என் புது விங் முழுக்க ஆர்ச், மேலே குட்டி டோம், சுவரில் செங்கல் டைல்ஸ். கைடு கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஆர்ச் எந்த லோடைத் தாங்குது?"

எதையும் தாங்கவில்லை. உள்ளே ஆர்.சி.சி. பீம் வேலை செய்ய, வெளியே ஆர்ச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பழசுக்கு மரியாதை என்று நான் நினைத்தது உண்மையில் பயம். புதுசா ஏதாவது செய்து அசிங்கமாகிடுமோ என்ற பயம்.

வீட்டில் புலம்பினேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாங்க. "வேற லாட் தோலை அதே கலர்னு சேர்த்தா வெளிச்சத்துல காட்டிக்குடுத்துடும்டா. சேராதுன்னா வேற கலரே வெச்சிடலாம். தையல்தான் சுத்தமா இருக்கணும்" என்றாங்க.

அடுத்த வாரம் எழும்பூர் கன்னிமாரா நூலகம் போனேன். ஹென்றி இர்வின் வடிவமைத்த பழைய கட்டடம் 1896-ல் திறந்தது. வளைவுகள், வண்ணக் கண்ணாடி, தேக்கு வேலைப்பாடு. 1973-ல் சேர்த்த மூன்று மாடிக் கட்டடத்தில் அதெல்லாம் எதுவும் இல்லை. அதை அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனா அது வேஷம் போடவில்லை. எது எந்தக் காலத்தது என்று வாசலிலேயே தெரிகிறது. பாடப்புத்தகம், பத்திரிகை, பிரெய்லி எல்லாவற்றுக்கும் புதுசு இடம் கொடுத்ததால், பழைய ஹாலை இடித்துப் பெரிதாக்க வேண்டி வரவில்லை.

1964 வெனிஸ் சாசனமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது: சேர்க்கும் பகுதி தன் காலத்தைக் காட்டணும், பழையதன் சமநிலையைக் கெடுக்கக் கூடாது.

திரும்ப வரைந்தேன். ஆர்ச் எல்லாம் டெலீட். புது விங்கின் உயரம் பழைய கூரைக்குக் கீழே. பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டாதபடி காலம்களைத் தள்ளி வைத்தேன். புதுசு கொஞ்சம் கீழே இறங்கினால் பழைய சுவரை இழுத்து விரிசல் விடாமலிருக்க, நடுவில் ஜாயின்ட். பழைய சுவரில் ரிப்பேர் என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். அம்மா சொன்ன தையல் இதுதான்.

இரண்டையும் இணைக்க மேற்குப் பார்த்த ஒரு கண்ணாடி நடைவழியும் வைத்தேன். கைடு பார்த்துட்டு, "மே மாசம் மதியம் மூணு மணிக்கு இதுல நின்னு பார்ப்பா" என்றார். வேலூர் வெயிலை மறந்துட்டேன்! இப்போ அங்கே துளை வைத்த செங்கல் சுவர் வரைஞ்சிட்டு இருக்கேன். அந்தச் சுவர் நிழல் தரும், காற்றும் விடும். யாராவது கேட்டா என்ன வேலை செய்யுதுன்னு சொல்ல முடியும்.

உங்க ஊரிலும் பழைய ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் புது பிளாக் ஒன்று இருக்கும். அடுத்த தடவை போனா, ரெண்டும் சேருகிற இடத்தைக் கொஞ்சம் நின்னு பாருங்க.