சுவரோரப் பாத்தி

எங்கள் வீட்டுப் படுக்கையறையின் கிழக்குச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொருமிக்கொண்டே இருந்தது. முதலில் பெயின்ட் கொப்பளிக்கும், அப்புறம் உரியும், தொட்டால் பூச்சு மாவாகக் கொட்டும். பொங்கலுக்குப் பொங்கல் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்போம். ஆடி பிறப்பதற்குள் மறுபடி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். பெயின்ட் கடையில் ஒவ்வொரு முறையும் போன தடவையைவிட விலை கூடின டப்பா ஒன்றை எடுத்து வைப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய இடம் பெயின்ட் கடை இல்லை.

மாடியிலிருந்து இறங்கும் நீர் என்றால் கறை கூரையோரம் தொடங்கியிருக்கும். குழாய்க் கசிவு என்றால், அந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது. கீழிருந்து ஏறுகிற ஓதம்தான் என்று ஒருவாறு முடிவுக்கு வந்தேன். ஆனால் அதே மண்மேல் நிற்கும் மற்ற சுவர்கள் காய்ந்து கிடக்க, இது மட்டும் ஏன்?

மாதக் கணக்கைப் பார்த்ததில்தான் ஒரு பிடி கிடைத்தது. மழை நீர்தான் காரணம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் உச்சத்தில் இருக்க வேண்டும். எங்கள் சுவரோ பங்குனி, சித்திரையில்தான் அதிகம் பொருமியது. ஊரே காய்கிற மாதங்களில் சுவருக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர்? ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் விடை கீழேயே இருந்தது. நந்தியாவட்டை, செம்பருத்தி, இரண்டு வரிசை கனகாம்பரம். வெயில் ஏற ஏற அம்மா காலையும் மாலையும் ஹோஸ் பிடிக்கும் பாத்தி.

பாத்தி வைத்தால் ஓதம் வந்துதான் ஆகுமா என்று பழைய மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கடப்பாரையை வாங்கிச் சுவரோரமாக மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். ஒரு முழம் இறங்கியதும் செங்கல் வரிசைகளுக்கு நடுவே இரண்டு விரற்கடை கனத்தில் கான்கிரீட் பட்டை ஒன்று தெரிந்தது. அதன் மேல் தார் பூசிய கறுப்பு இன்னும் பளபளத்தது. "டிபிசி எங்க இருக்கு பாருங்க சார். மண்ணுக்குள்ளல்ல புதைஞ்சு கிடக்குது. தண்ணி அதைத் தாண்டி மேல போய் செங்கல்ல ஏறுது. அது என்ன பண்ணும் பாவம்?"

டிபிசி என்று கொத்தனார்கள் சொல்லும் அந்த ஓதத் தடுப்புப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தேடினால் வெகுதூரம் போகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸுக்கே இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை மணலுக்குப் பதில் சுட்ட செங்கல் தூள் கலந்து பூசு, அப்படியும் ஈரம் நிற்காவிட்டால் உள்ளே இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி இடையில் காற்று போக வழி விடு என்கிறார். ஈரம் ஏறுவதைக் குறுக்கே மறிப்பதைச் சட்டத்தில் எழுதியது விக்டோரியா காலத்து இங்கிலாந்து. 1875-ன் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து 1877-ல் வந்த மாதிரி விதிகள், ஈயத் தகடோ நிலக்கீலோ சிமென்டில் பதித்த ஸ்லேட் பலகையோ, ஏதாவது ஒன்று எல்லாச் சுவர்களிலும் ஓட வேண்டும் என்றன. அதோடு நிறுத்தவில்லை, பக்கத்து நிலமட்டத்திலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் மேலே அது இருக்க வேண்டும் என்றும் சேர்த்தன. அந்த ஆறு அங்குலத்தில்தான் விஷயமே இருக்கிறது. நம்முடைய தேசியக் கட்டட விதித்தொகுப்போ பேஸ்மட்டமே நிலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது.

தண்ணீர் ஏறுவதில் மர்மம் ஒன்றுமில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கதைதான். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் ஏறும் என்று 1718-ல் ஜேம்ஸ் ஜூரின் கணக்குச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் மூன்று சென்டிமீட்டர் ஏறும் தண்ணீர், அதில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள துளையில் ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும். ஏறுகிற வழியிலேயே ஆவியாகிவிடுவதால்தான் சுவரில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிவிடும். அது படிகமாகும்போது பூச்சைப் பிளந்து தள்ளும். உள்ளே ஈரம் புகாத பெயின்ட் அடித்து அடைத்தால் அது காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்.

உப்பின் பூர்வீகமும் பாத்திதான். அம்மா போடும் மாட்டெருவும் ஆட்டுப் புழுக்கையும் மட்கி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகின்றன. கரைந்து சுவருக்குள் போனால் காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும் சரக்கு அது. ஒரு காலத்தில் இதற்காக அரசுகள் அலைந்திருக்கின்றன. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டுமென்று பிரான்சில் தொழுவங்களையும் பழைய சுவர்களையும் சுரண்டினார்கள். 1775-ல் அந்த நாட்டு வெடிமருந்து நிர்வாகத்துக்கு வந்த லவாய்சியே, எருவும் மண்ணும் கலந்து வெடியுப்பு விளைவிக்கும் பாத்திகளையே ஊக்குவித்தார். பீகாரில் நோனியா சமூகத்தார் ஊர் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றியது. நாங்களோ யூரியாவும் தூவி வீட்டுக்குள்ளேயே அதை விளைவித்துக்கொண்டிருந்தோம்.

சரி, நிலத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டிய பட்டை எப்படிப் புதைந்தது? வாசல் பக்கம் தோண்டியபோது அதற்கும் பதில் கிடைத்தது. இப்போது ஒரே படியில் ஏறுகிற வாசலில், மண்ணுக்கடியில் இன்னும் இரண்டு படிகள் இருந்தன. தெருவில் சாலைக்கு மேல் சாலை போடப் போட உயர்ந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராதிருக்க வளாகத்தில் லாரி மண் கொட்டினோம். அந்த மண்ணின் மேல் பாத்தி வந்தது. சென்னையிலும் புறநகரிலும் பாதி வீடுகளின் கதை இதுதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டதும், வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களுக்கு இங்கே தொழில் நடப்பதும் இதனால்தான்.

மேஸ்திரி சொன்ன வைத்தியம் எளிது. பட்டைக்குக் கீழே அரையடி தெரியும்வரை மண்ணை எடுத்தோம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சரளைக் கல் மட்டும் போட்டு, வெளிப்பக்கமாகச் சரிவு வைத்தோம். உள்ளே சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்திவிட்டுச் செங்கல்லை அப்படியே காய விட்டோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் வருஷம். விருந்தாளிகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சுதான் பூசினோம். அது ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும்.

சுவரோரம்தான் பூ வேண்டும் என்கிறவர்கள் தொட்டியில் வைக்கலாம்; இல்லையென்றால் வீட்டுச் சுவரைத் தொடாமல், நடுவே காற்றோட இடம் விட்டு, தனிப் பின்சுவரோடு பாத்தி கட்டலாம். எப்படி வைத்தாலும் மண் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு அரையடி கீழேயே நிற்க வேண்டும்.

எங்களுக்கு இன்னும் தீராதது ஒன்றுண்டு. மண்ணை இறக்கியதால் சுவரோரம் இப்போது தெருவைவிடத் தாழ்வு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பேருக்குத் தோண்டிய குழியைத் தூர்வாரி, சரளைத் தடத்தை அதோடு இணைத்திருக்கிறோம். சாதாரண மழையை அது குடித்துவிடுகிறது. டிசம்பர் பெருமழைக்குப் போதாது என்பது மேஸ்திரியின் கட்சி. மோட்டார் ஒன்று வாங்கி வைக்கச் சொல்கிறார். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் காம்பவுண்ட் சுவரோரம் போய்விட்டன. அந்தச் சுவருக்கு டிபிசி கிடையாது, அங்கே ஏற்கெனவே உப்புப் பூக்கத் தொடங்கிவிட்டது. பூத்துவிட்டுப் போகட்டும், அதன் பக்கத்தில் கட்டில் போட்டு யாரும் படுக்கப் போவதில்லை.