தொட்டிக்குள் முளைத்த பூவும், அதைத் தின்ன வந்த மீனும்



விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருக்கும் கடல் மீன் தொட்டிக்கு என்ன நடந்தது என்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "அந்த விசிறி மாதிரி விரியிற புழு எங்க சேர்?" என்று பாடசாலை வாசலிலும் கேட்டாயிற்று, ஜும்ஆ முடிந்து வரும் வழியிலும் கேட்டாயிற்று. பழைய மாணவர்களும் பெற்றாரும் தந்த காசில் உருவான தொட்டி அது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம். நீண்ட பதிவுதான், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தொட்டி நான்கு அடி நீளம். ஏறக்குறைய 250 லீற்றர் கடல் நீர். பிள்ளைகள் 'நீமோ' என்று கூப்பிடும் கோமாளி மீன் இரண்டு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் நான்கைந்து, விசிறிப் புழுக்கள் இரண்டு. விசிறிப் புழுவைப் பார்க்காதவர்களுக்காக: அது ஒரு குழாய்க்குள் இருந்துகொண்டு, தலையிலுள்ள இறகு போன்ற கொத்தை விரித்து, தண்ணீரில் மிதந்துவரும் துணிக்கைகளை வடித்துச் சாப்பிடும். கண்ணாடியில் கை தட்டுப்பட்டால் ஒரு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இரண்டு புழுக்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை தரம் 8 மாணவி ஒருவரிடம் கொடுத்திருந்தோம். எத்தனை மணிக்கு விரிந்தது, எத்தனை மணிக்குச் சுருங்கியது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எழுதிவைக்கும்.

ஒருநாள் காலையில் ஒரு கூச்சல். "சேர், கல்லுல புதுப் பூ ஒண்டு முளைச்சிரிக்கி!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல ஊடே தெரியும் உடம்போடு, சுற்றிவர மெல்லிய கைகளை நீட்டிக்கொண்டு, விரல் நகமளவில் ஒரு கடல் அனிமனி. மீன் வியாபாரத்தை விட்ட ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கல்லோடு ஒட்டிவந்திருக்கிறது. வடிவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதற்கு இறால் துண்டு ஊட்டினார்கள். நாங்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். அந்தப் படத்துக்கு இந்தப் பக்கத்தில் நீங்கள் எல்லாரும் 'மாஷா அல்லாஹ்' போட்டது ஞாபகம் இருக்கும்.

அதன் பெயர் ஐப்டேசியா. கடல் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் தலையில் கை வைப்பார்கள். நாங்கள் அதை மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்போது விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள் எண்ணியபோது 41 இருந்தன.

அதற்குக் கொட்டும் கலங்கள் உண்டு. பக்கத்தில் இருப்பதைக் கொட்டி ஒதுக்கிவிட்டு அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உடம்புக்குள் நுண் பாசிகள் குடியிருந்து வெளிச்சத்தில் உணவு செய்து கொடுப்பதால், நாங்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் உடனே சாகாது. கடலில் அதுவும் மற்ற உயிர்களைப் போல ஓர் உயிர்தான். பவளம் வெளிறிப்போவது ஏன் என்று ஆராயும் விஞ்ஞானிகள் இதையேதான் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள். கடலில் அதைத் தின்ன ஆள் இருக்கிறது. எங்கள் தொட்டியில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் கத்தியால் சுரண்டினோம். செய்திருக்கவே கூடாது. அதன் அடிப்பாதத்தில் ஒரு சின்னத் துண்டு கல்லில் மிஞ்சினாலும் அந்தத் துண்டு முழு அனிமனியாக வளரும். இரண்டு கிழமையில் 41 என்பது 70ஐத் தாண்டியது. பிறகு தேசிக்காய்ச் சாறு. பிறகு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, ஊசியால் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் விட்டோம். ஊசி பட்டது செத்தது. ஆனால் ஒரே நாளில் நிறையச் சுண்ணாம்பு போட்டால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீனுக்கு ஆபத்து. நாளைக்கு நான்கைந்துதான் முடியும். அவை பெருகும் வேகத்துக்கு அது காணாது.

அப்போதுதான் "இயற்கையான வழி" என்ற யோசனை வந்தது. டெங்குக் காலத்தில் பீ.எச்.ஐ. மாத்தயா கிணறுகளுக்குள் கப்பி மீன் விடுகிறாரே, நுளம்புக் குடம்பியை அது தின்கிறதே, அதைப் போல இதைத் தின்னும் ஒன்றைத் தேடிப் போடுவோம். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னோம்: "யாருக்கும் பாதிப்பில்லாத முறை."

தேடிப் பார்த்ததில் மூன்று ஆட்கள் கிடைத்தார்கள். ஒன்று, பெர்கியா என்ற கடல் நத்தை. ஓடு இல்லாதது, இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் இருக்கும். ஐப்டேசியாவைத் தவிர வேறொன்றும் தின்னாது. அனிமனியின் கொட்டும் கலங்களையே விழுங்கித் தன் முதுகில் ஆயுதமாக வைத்துக்கொள்ளும். சுப்ஹானல்லாஹ். இரண்டாவது, பெப்பர்மின்ட் இறால். இந்த இரண்டும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்குப் பக்கத்தவை, எங்களுக்குக் கைக்கெட்டாது. எங்கள் பக்கக் கடலில் அந்த இறாலைப் போலவே சிவப்புக் கோடு போட்ட ஒட்டக இறால் என்று ஒன்று இருக்கிறது. பெயரை மாற்றி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு, அது பவளங்களையே கொத்தும். மூன்றாவது, ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீன். எங்கள் கடலிலேயே இருப்பது. மஞ்சள் உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டி. கல் இடுக்கில் நுழைத்துக் கொத்த வசதியான கூர்வாய்.

அலங்கார மீன் பிடிக்கச் சுழியோடும் காக்கா ஒருவரிடம் சொல்லிவைத்தோம். விரல் நீளத்தில் ஒன்று கொண்டுவந்து தந்தார். தரும்போதே தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், இவன் அந்தப் பூவ மட்டும் திண்ண மாட்டான். புழு ரெண்டையும் முதல்ல வெளிய எடுங்க."

எடுக்கவில்லை. வேறு தொட்டி இல்லை, பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டோம். அந்தப் பிள்ளையிடமும் சொல்லவில்லை. இந்தப் பதிவில் எழுதக் கஷ்டமான இடம் இதுதான்.

மீனை விட்டது ஒரு வியாழக்கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு பாடசாலை மூன்று நாளும் பூட்டு. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை கொப்பியில் எழுதியிருந்தது: "7.40, விரியவில்லை." செவ்வாய்: "விரியவில்லை." புதன்: "விரியவில்லை. குழாய்க்குள் எதுவும் தெரியவில்லை." பிள்ளை எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

அந்த மீனுக்குக் கடலில் மிகப் பிடித்த உணவுகளில் ஒன்று குழாய்ப் புழுக்களின் அந்த இறகுக் கொத்துத்தான் என்று பிறகு வாசித்தோம். முதலில் வாசித்திருக்க வேண்டும். மீனில் ஒரு பிழையும் இல்லை. அதன் பசிக்கு எங்கள் பட்டியல் தெரியாது.

வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். காக்கா சொன்னதையும், நாங்கள் சோம்பலாக இருந்ததையும் சொன்னோம். பிறகு குழாய்கள் இரண்டையும் எடுத்து ஒரு பிளாஸ்ரிக் வாளியில் காற்றுப் பம்பியோடு வைத்தோம்.

மீன் தன் வேலையைச் செய்தது. புழு முடிந்த பிறகு அனிமனிகளில் கை வைத்தது. முதலில் சின்னவை, பிறகு பெரியவை. ஆறாம் கிழமை எண்ணியபோது கண்ணுக்குத் தெரிய 9 மட்டுமே, அவையும் மீனின் வாய் போகாத பின்பக்க இடுக்குகளில். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் தின்ன ஒன்றும் இல்லாமல் போக, மீன் மெலியத் தொடங்கியது. நாங்கள் போட்ட உணவை முதலில் தொடவில்லை. மட்டியைத் திறந்து கல்லில் செருகி வைத்துத்தான் பழக்கினோம். நாளைக்கு மூன்று தடவை. அந்த மிச்சங்கள் அழுகித் தண்ணீர் கெட்டது. அந்தப் போசணையிலும் மட்டித் துணுக்கிலும் இடுக்கிலிருந்த அனிமனிகள் மறுபடியும் 9இலிருந்து 20 ஆகின.

அப்போதுதான் தலையில் உறைத்தது. ஆரம்பத்தில் அவை அவ்வளவு வேகமாகப் பெருகியதற்கும் காரணம் இதுதான். ஒவ்வொரு வகுப்பும் வரும்போது ஒரு சிட்டிகை, பார்க்க வந்த பெற்றார் ஒரு சிட்டிகை, நாங்கள் ஒரு சிட்டிகை. பாசத்தில் போட்டதெல்லாம் அனிமனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தால் நாங்கள் வளர்த்துக்கொண்டே, இன்னொரு பக்கத்தால் அதைத் தின்ன மீனை இறக்கியிருக்கிறோம்.

தவணை விடுமுறையும் நெருங்கியது. "எல்லாத்தையும் வாரிக் களப்புல விட்டிருவம், அல்லாஹ்ட படைப்புத்தானே, பிழைச்சிக்கும்" என்று ஆசிரியர் அறையில் ஒரு கதை வந்தது. நாங்களும் ஒரு கணம் சரி என்றுதான் நினைத்தோம்.

பிறகு யோசித்தோம். உங்களில் பலருக்கு 'டேங்க் கிளீனர்' மீனைத் தெரியும். தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்பதற்கென்று வாங்குவார்கள். பெரிதானதும் வைத்திருக்க முடியாமல் ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகி, நன்னீர் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. வயல் வாய்க்காலையும் குளத்தையும் மூடும் சல்வீனியாவும் அப்படித்தான். 1939இல் கொழும்பில் பல்கலைக்கழக மட்டத்தில் தாவரவியல் கற்பிக்கவென்று கொண்டுவரப்பட்டது. கற்பிக்கக் கொண்டுவந்தது தப்பிப் போனது என்பதை வாசித்தபோது எங்களுக்கு முகம் சுட்டது.

சல்வீனியாவின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 1980களில் அதைக் கட்டுப்படுத்த ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பிரேசில் பக்கத்தது, இரண்டு மில்லிமீற்றர்தான் நீளம். வேறு பயிர்களைத் தின்னுமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்து, சல்வீனியாவை மட்டுமே நம்பி வாழ்வது என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். பல இடங்களில் பலன் கிடைத்தது. அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "இது வேறு எதைத் தின்னும்?" நாங்கள் கேட்டது, "இது அனிமனியைத் தின்னுமா?" என்று மட்டும்.

மீனைப் பட்டினியாக விடுவதா, களப்பில் விடுவதா என்று கழகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தரம் 8 பிள்ளைதான் கையை உயர்த்தியது. "சேர், பூனையக் கட்டி வெச்ச பொம்புளைட ஹதீஸ் மீனுக்கும் பொருந்துமா?"

அந்த ஹதீஸ் உங்கள் எல்லாருக்கும் தெரியும். சாப்பாடும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் அடைத்து வைத்தாள். எத்தனையோ தடவை அதை வகுப்பில் சொல்லியிருப்போம். கண்ணாடிக்குள் ஒரு மீனை வைத்துக்கொண்டு அதைக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. வேலைக்கென்று கொண்டுவந்தோம், வேலை முடிந்தது, உயிர் முடியவில்லை. அது எங்களிடம் உள்ள அமானத்.

இப்போதைய நிலை இதுதான். மீன் எங்களிடமே இருக்கும். அந்த இனம் 20 சென்ரிமீற்றர் வரை வளரும், எங்கள் தொட்டி அதற்குக் காலத்துக்கும் காணாது. பெரிதாகும்போது போதிய இடமுள்ள ஒருவரிடம் கையளிப்போம். மட்டித் துண்டு காலையில் ஒன்று, பகல் ஒன்று. அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். கிழமைக்கு ஒரு தடவை தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுகிறோம். வேறு யாரும் உணவு போடுவதில்லை. அனிமனிகள் பன்னிரண்டுக்கு மேலே ஏறவில்லை. முழுவதுமாக ஒழிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம்.

வாளியில் வைத்த புழுக்களில் ஒன்று செத்துவிட்டது. மற்றது இறகுக் கொத்தை இழந்தும் உயிரோடு இருந்திருக்கிறது. இந்தப் புழுக்களால் அதை மறுபடியும் வளர்க்க முடியும். ஐந்தாம் கிழமை கொப்பியில் இருந்தது: "10.15, விரிந்தது. சின்னது." அதைச் சின்னத் தொட்டி ஒன்றுக்கு மாற்றியிருக்கிறோம். வாசலில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில், வந்து பாருங்கள்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தொட்டியைப் பார்க்க வரும்போது தயவுசெய்து உணவு போட வேண்டாம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வைத்திருக்க முடியாமல் போனால் களப்பிலோ வாய்க்காலிலோ விட வேண்டாம், வைத்திருக்கக் கூடிய வேறொருவரிடம் கொடுங்கள். ஆள் தெரியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், தேடித் தருகிறோம். மூன்றாவது, விடுமுறை நாட்களில் மீனுக்கு மட்டி கொடுக்க முறை வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும். இன்னும் ஆறு நாட்களுக்கு ஆள் தேவை. வாப்பாமார், உம்மாமார், பழைய மாணவர்கள் யாரும் பெயர் தரலாம்.

முதல் நாளுக்கு அந்தப் பிள்ளை ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டது.