அம்மாவின் பிரஷர்: அக்காவுக்கு ஒரு கடிதம்

இலண்டன்

அன்புள்ள அக்கா,

நேற்றுப் போனில் நீங்கள் அழுத அழுகையில் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 210/120 காட்டியும் ஆஸ்பத்திரியில் ஊசி போடவில்லை, குளிசை ஒன்றைக் கொடுத்துப் படுக்க விட்டார்கள் என்று கோபப்படுகிறீர்கள். அவர்கள் செய்ததுதான் சரி, அக்கா. இங்கே அவசரப் பிரிவில் நாங்களும் அதைத்தான் செய்வோம். ஈசிஜி எடுத்தார்கள், சலம் சோதித்தார்கள், கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஏதாவது பழுதுபடுகிறதா என்று தேடியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், குளிசையால் நாட்கணக்கில் ஆறுதலாக இறக்குவதுதான் வைத்தியம்.

வருடக்கணக்காகக் கூடின பிரஷருக்குப் பழகிய மூளைக்கு, அது சடாரென்று விழுந்தால் இரத்தம் போதாது. பாரிசவாதத்துக்குப் பயந்து நாங்களே அதை வரவழைத்ததாகிவிடும். உறுப்புப் பழுதாகும்போதுகூடப் பெரும்பாலும் முதல் மணித்தியாலத்தில் காற்பங்குக்கு மேல் குறைப்பதில்லை. நிபெடிபின் கப்சூலைக் குத்தி நாக்குக்குக் கீழே விடச் சொன்னாவாம் பக்கத்து வீட்டு மாமி. முந்தி உலகம் முழுக்க டொக்டர்மாரே செய்த காரியம் அது. மாரடைப்பும் பாரிசவாதமும் வந்ததைக் காட்டி, அதை நிறுத்தச் சொல்லி 1996இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் வாய் கோணினால், ஒரு பக்கக் கை விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சுநோ, முட்டு, பார்வை மங்கல், மாறாட்டம், ஒருநாளும் இல்லாத தலையிடி, இதில் எது வந்தாலும் பிரஷர் மெஷினைத் தேடிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஊரணி ஆஸ்பத்திரியா, மந்திகையா, யாழ்ப்பாணமா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், அம்புலன்ஸ்காரர் பார்ப்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு விரதம் பிடித்த அம்மா குளிசையையும் சேர்த்து விட்டிருக்கிறா. இவ்வளவுக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விரதத்திலும் ஒரு மிடறு தண்ணீரோடு பிரஷர் குளிசையை விழுங்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டா, நீங்கள் சொன்னால் கேட்பா.

கிளினிக் நாளை மட்டும் தவறவிட வேண்டாம், அக்கா.

அன்புடன்,
தம்பி