ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி

"ஏய்யா, ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்?"

ஜெலாப்பாங்கிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் ஏறியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி இது. திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தங்கை படுத்த படுக்கை என்று முந்திய வாரம் செய்தி வந்திருந்தது.

அத்தை நாளைக் கணக்கிட்டதில் தவறில்லை. 1950-ல் எட்டு வயதுப் பிள்ளையாக ரஜூலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது; படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கு வந்து சேர ஐந்து நாள் போலாகும். மூன்று வயதுத் தங்கையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அழைக்கவில்லை. அந்தப் பாட்டி இறந்த கடிதமோ, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தோட்டத்து லயத்துக்கு வந்ததாம். ரஜூலா 1973-ல் நின்றது. அடுத்து ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. அதோடு கப்பல் பயணமும் முடிந்தது.

"நாளில்லை அத்தை, நாலு மணி நேரம்" என்றேன். அவர் நம்பவில்லை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கிறது என்றால் மூன்றே கால் மணி நேரம் கூட ஆகாதே என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் ஏறக்குறைய நாலு மணி. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமத்திராவின் வடகோடியைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, வேதாரண்யம் பக்கம் கரையேறும். அத்தை கப்பலேறிய நாகப்பட்டினம் அதற்குச் சற்று வடக்கே.

உண்மையில் அலுப்பூட்டுவது தரைவழிதான். ஈப்போவிலேயே விமான நிலையம் இருந்தும், நாங்கள் போனபோது அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு நேர் விமானம் இல்லை. ஆகவே நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம், நிலையத்தில் மேலும் மூன்று மணி நேரம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நான் சொல்லாமல் போய்த் திண்டாடினேன்.

காலை ஒன்பதுக்குப் புறப்பட்டோம். இறங்கியபோது திருச்சிக் கடிகாரம் பத்தரை காட்டியது.

"ஒன்றரை மணி நேரத்துக்கா இத்தனை வெள்ளி வாங்கினான்?" என்றார் அத்தை.

இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்று விளக்கினேன். 1982-க்கு முன் இரண்டு மணிதான் வித்தியாசம். அந்த ஆண்டு முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அத்தை காதில் வாங்கவில்லை. சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டை அடைந்தபோது பிற்பகல் ஒரு மணி. திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டிலில் சின்ன அத்தை கண் விழித்துத்தான் இருந்தார். அக்காளின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"என்னிக்கிக்கா பொறப்பட்ட?"

"இன்னிக்கு விடியக்காலம்தான்டி."

சின்ன அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்றா" என்றார்.