ஒலி எங்கே நின்றது?

மன்னார்த் தீவில் உலோகத்துக்கு ஆயுள் குறைவு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னல்களைச் சாத்தி வைத்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். பூட்டுகள் இறுகும், செப்பில் பச்சைக் களிம்பு படரும். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் எங்கள் கணினிகளையும் மெல்ல மெல்லத் தின்கிறது. எனது மேசைக் கணினியின் தாய்ப்பலகையும் அவ்வாறே போயிற்று. கழற்றிப் பார்த்தபோது ஈயப் பற்றுகளின் மேல் வெண்பொடியும் களிம்பும் படிந்திருந்தன.

நகரத்திலுள்ள கடையொன்றில் புதிய பலகை பூட்டப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து இயக்கியபோது எழுத்து, படம், இணையம் எல்லாம் இருந்தன. ஒலி மட்டும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, பலகை மாற்றிய இளைஞர் தயக்கமின்றிச் சொன்னார்: "சேர், போமற் அடிச்சுவிட்டா எல்லாம் சரிவரும்."

போமற் அடிக்க நான் உடன்படவில்லை. 2008 ஆம் ஆண்டு, தன் மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாயிடம் செவ்வி எடுத்திருந்தேன். அந்தத் தாய் இப்போது உயிருடன் இல்லை. அவருடைய மகள் சத்தியக் கடதாசி ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். "அம்மா சொன்னதைச் சொன்னபடியே தாங்கோ ஐயா" என்பதே அவருடைய வேண்டுகோள். எனது குறிப்பேட்டில் "கொண்டு போனவை" என்ற சொற்கள் தெளிவாக இருந்தன. அவற்றுக்கு முன்னிருந்த சொல்லை மழைநீர் அழித்துவிட்டது. கூட்டிக்கொண்டு போனவையா, பிடித்துக்கொண்டு போனவையா? செய்தியில் ஒரு சொல்தான் வேறுபடும். சத்தியக் கடதாசியில் சாட்சியமே வேறுபட்டுவிடும்.

ஒலிப்பதிவு என்னிடம் இருந்தது. ஆனால் அது அக்காலக் கையடக்கப் பதிவுக்கருவிகள் பயன்படுத்திய டிஎஸ்எஸ் வடிவக் கோப்பு. கைத்தொலைபேசி அதைத் திறக்க மறுத்தது. கருவியோடு வந்த பழைய மென்பொருள் என் கணினியில் மட்டுமே இருந்தது. அதன் குறுந்தட்டை உப்புக்காற்று முன்பே முடித்துவிட்டது. ஆகவே முதல் வேலையாகப் பதிவுக் கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் பிரதி செய்தேன். அதன் பின்னரே ஒலியைத் தேடத் தொடங்கினேன்.

பலகை மாறினால் ஒலி ஏன் போகவேண்டும்? ஒரு காலத்தில் ஒலி அட்டை தனிப்பொருளாக இருந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரை நினைவுள்ளவர்கள் இருப்பீர்கள். பழைய பலகையிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் செருகிவிடலாம். பின்னர் ஒலிச் சிப் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டது. இப்போது பலகையை மாற்றினால் ஒலிச் சிப்பும் சேர்ந்து மாறுகிறது. விண்டோஸோ பழைய சிப்பின் நினைவோடு எழும்புகிறது.

கோப்பிலிருந்து காதுவரை ஒலி ஒரு பாதையில் வருகிறது. அது எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பதே வேலை. செய்தி ஒன்றின் மூலத்தைத் தேடிப் போவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில், ஒலி உற்பத்தியாகிறதா என்று பார்த்தேன். பதிவை ஓடவிட்டு, விண்டோஸ் 10 இன் ஒலி அமைப்பில் 'பிளேபேக்' பட்டியலைத் திறந்தேன். அங்கே ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது கணினித் திரையின் பெயருக்கு அருகில். பழைய பலகையில் விஜிஏ இணைப்பு மட்டுமே இருந்தது. அது படத்தை மட்டும் கடத்தும். புதியதில் எச்டிஎம்ஐ. அது படத்தோடு ஒலியையும் கடத்துவது. ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. பலகையின் ஒலிச் சாதனத்தை முதன்மையாகத் தெரிவு செய்தேன். பச்சைக் கோடு அங்கே இடம் மாறியது. காதொலிப்பானில் இன்னும் மௌனம்.

அடுத்து டிவைஸ் மனேஜர். ஒலிச் சாதனம் இந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். மஞ்சள் குறி இருந்தால் டிரைவரில் குறை. எனக்கு இரண்டும் இல்லை. எனினும் சாதனத்தின் அடையாள எண்ணைப் பார்த்தேன். அதில் 10இசி என்று இருந்தால் ரியல்டெக், 1106 என்றால் வியா. பழைய பலகையில் வியா, புதியதில் ரியல்டெக். வியாவின் மென்பொருளை நீக்கி, பலகைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கி நிறுவினேன். அப்போதும் மௌனம்.

அதன்பின் காதொலிப்பானை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்து, பெட்டியின் பின்புறத்திலுள்ள பச்சைத் துளையில் செருகினேன். ஒலி வந்தது. அப்படியானால் சிப்பும் சரி, டிரைவரும் சரி. தடை இருப்பது முன்பக்கத் துளைக்குச் செல்லும் சிறிய வயரில்.

எனது கணினிப் பெட்டி பழையது. அதன் முன்பக்க வயர், இன்டெல் 1997 இல் வகுத்த ஏசி'97 முறைக்கானது. புதிய பலகை 2004 இல் வந்த எச்டி ஆடியோ முறையைச் சேர்ந்தது. பிந்தைய முறையில், துளையில் எதுவும் செருகப்பட்டிருக்கிறதா என்பதைப் பலகை உணர்ந்தறியும். அதற்கான கம்பி பழைய வயரில் இல்லை. ஆகவே நான் செருகியதைப் பலகை அறியவே இல்லை. ரியல்டெக் மென்பொருளில் முன்பக்கத் துளையை உணர்வதை நிறுத்தும் தெரிவு உண்டு. சில பலகைகளின் பயாஸில் எச்டி, ஏசி97 என்று தெரிவு செய்யும் இடமும் உண்டு. அந்தத் தெரிவை இட்டதும் முன்பக்கமும் பேசியது. மொத்தத்தில் ஒரு பிற்பகல் போயிற்று. ஒரு சதமும் செலவில்லை.

பிறகு அந்தத் தாயின் பதிவைக் கேட்டேன். டிஎஸ்எஸ் பேச்சைக் கடுமையாகச் சுருக்கும் முறை. சொல்லின் ஓரங்கள் மங்கும். மூன்று தடவை கேட்டு உறுதி செய்தேன்.

"வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவை. நான்தான் சேட்டு எடுத்துக் குடுத்தனான்."

இரண்டாவது வாக்கியம் எனது குறிப்பேட்டில் இல்லை. அதற்குப் பிறகு பதிவில் சற்று நேரம் காற்றின் இரைச்சல் மட்டுமே இருக்கிறது. மகளுக்கு எழுத்திலும் கொடுத்தேன், ஒலியாகவும் கொடுத்தேன். அவர் எழுத்தை வாசிக்கவில்லை. ஒலியைத்தான் முதலில் கேட்டார்.

பழைய செவ்விகள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஎஸ்எஸ், சோனியின் டிவிஎஃப் போன்ற வடிவங்களில் பதிவுகள் இருந்தால், அவற்றைத் திறக்கும் மென்பொருள் இயங்கும்போதே வேவ் கோப்பாக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். ஒலி இல்லையென்று யாராவது போமற் அடிக்கச் சொன்னால், முதலில் பச்சைக் கோடு எங்கே அசைகிறது என்று பாருங்கள். அடுத்து பின்புறத் துளையில் செருகிப் பாருங்கள். நமது ஊர்களில் பல குரல்களுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.