பழைய ஆர்மோனியப் பெட்டிக்கு என்ன விலை?

எனக்கு ரெண்டரை ஏக்கர் நிலம். ஒரு போகம் நெல்லு, ஒரு போகம் கடலை, ரெண்டு பசுமாடு. நான் எழுதுறதைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு இது தெரியும். இதுவரைக்கும் எழுதாத சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு மூணு நாலு பழைய ஆர்மோனியப் பெட்டி என் கை வழியா மாறிப் போகும். தரகுன்னு பெரிசாச் சொல்ல முடியாது. விக்கிறவங்களையும் வாங்குறவங்களையும் சேத்து வைக்கிறது, பெட்டியைத் திறந்து பாத்து நல்லது கெட்டது சொல்றது, அவ்வளவுதான். குடுத்தா ஐநூறு ஆயிரம் வாங்கிக்குவேன். பூசணிக்காய் குடுத்தவங்களும் உண்டு.

எங்க சித்தப்பா நாடகத்துக்குப் பெட்டி வாசிச்சவர். புதுக்கோட்டைப் பக்கம் நாடகம்னா ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட்டு ஒரு ஊர், ஸ்திரீபார்ட்டு ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியா பேசி முன்பணம் குடுத்துக் கூட்டியாருவாங்க. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ, விடியுற வரைக்கும் கதை அறுபடாமக் கொண்டு போறவர் பெட்டிக்காரர்தான். யாரு எந்தச் சுதியில பாட்டை எடுத்தாலும் ஓடிப் போய்ப் பிடிக்கணும். பள்ளிக்கூட லீவுல சித்தப்பா கூடப் பெட்டி தூக்கப் போனவன் நான். மார்கழி பஜனைக்குக் கொஞ்சம் வாசிப்பேன். அதைத் தாண்டி எனக்கு வித்தை கிடையாது. ஆனா பெட்டியோட உள்ளுறுப்பு தெரியும்.

இந்தப் பெட்டி நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. 1840-கள்ல பாரீஸ்ல தெபேன்ங்கிறவர் செஞ்சு பதிவு பண்ணினது. நாற்காலியில உக்காந்து காலால மிதிச்சு வாசிக்கிற பெட்டி அது. தரையில உக்காந்து ஒரு கையால துருத்தியை அமுக்கி வாசிக்கிற மாதிரி மாத்தினது கல்கத்தா துவாரகநாத் கோஷ். ரெண்டும் நம்ம பக்கம் வந்துருச்சு. நாடகத்துக்குக் கால் பெட்டி, பஜனை மடத்துக்குக் கைப்பெட்டி. 'எட்டுக் கட்டையில பாடுவார்'னு பெரியவங்க சொல்லுவாங்களே, அந்தக் கட்டை இந்தப் பெட்டியோட கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒண்ணு, அடுத்த கறுப்பு ஒண்ணரை, அப்புறம் ரெண்டு, இப்படியே போகும். மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்குக் கேக்கணும்னா மேல் கட்டையிலதான் பாடணும். கிட்டப்பாவுக்கு அவர் சகோதரர் காசி ஐயர்தான் பெட்டி வாசிச்சார்.

நாடகக்காரங்க இப்படிக் கொண்டாடின பெட்டியை ரேடியோக்காரங்க 1940-லேருந்து 1971 வரைக்கும் உள்ளேயே விடலை. கமகம் வராது, சுரத்தை வளைக்க முடியாதுன்னு சொன்னாங்க. நியாயமான குறைதான். ஆனா ராத்திரி முழுக்கப் பொட்டல்ல கத்துற ஆளுக்குப் பிடிச்சு நிக்க ஒரு தூண் வேணும். அதை இந்தப் பெட்டி குடுத்தது.

சரி, வியாபாரத்துக்கு வர்றேன்.

பழைய பெட்டி பாக்குறது மாடு பாக்குற மாதிரிதான். மணப்பாறைச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாப்போம், சுழி பாப்போம், நாலடி நடத்திப் பாப்போம். இங்கே முதல்ல துருத்தி. ஒரு கட்டையையும் தொடாம துருத்தியை நல்லா நிரப்பிட்டு விட்டுறணும். உப்பினது உப்பினபடி மெதுவா இறங்கினா நல்ல பெட்டி. 'புஸ்'னு உக்காந்தா எங்கேயோ ஓட்டை. துணி கிழிஞ்சிருக்கலாம், மடிப்பு ஓரத்துல தோல் விட்டிருக்கலாம். இது பயப்படுற குறை இல்லை, ஒட்டிக்கலாம். கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் தானாக் கத்தினா, கட்டைக்கு அடியில இருக்கிற தோலை எலி தின்னிருக்கு, இல்லேன்னா தூசி அடைச்சிருக்கு. இதுவும் சரி பண்றதுதான்.

ரீடு பலகையில விரிசல் இருந்தா யோசிக்கணும். கரையான் ஏறியிருந்தா, எந்திரிச்சு வந்துறணும்.

அப்புறம் ரீடு. பெட்டியோட உசுரு அதுதான். பித்தளைத் தகட்டுல ஒரு நீளமான ஓட்டை, அதுக்கு மேல பித்தளை நாக்கு ஒண்ணு ஒரு முனையில மட்டும் அடிச்சிருப்பாங்க. காத்து போனா நாக்கு அதிரும். சுதி ஏறணும்னா நாக்கோட நுனியைச் சுரண்டணும், இறங்கணும்னா அடியைச் சுரண்டணும். ஒவ்வொரு தடவை சுதி சேக்கும்போதும் நாக்குலேருந்து கொஞ்சம் பித்தளை போயிரும். அதனால டார்ச் அடிச்சு அரத்தோட கோடுகளைப் பாப்பேன். கோடு அதிகமா இருந்தா அந்த நாக்கு என்னைக்கு வேணா ஒடியும். பச்சைக் களிம்பு இருந்தா பெட்டி ஈரத்துல கிடந்திருக்கு. மாட்டுக்குப் பல்லுன்னா பெட்டிக்கு இந்தக் கோடு. வயசை மறைக்க முடியாது.

விக்கிறவங்க எல்லாரும் சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. "அண்ணே, இது ஜெர்மன் ரீடு." ஜெர்மனியிலேருந்தும் பாரீஸிலேருந்தும் ரீடு கப்பல்ல வந்த காலம் ஒண்ணு இருந்தது நிஜம்தான். இப்ப நம்ம நாட்டுப் பெட்டிக்கு ரீடு செய்யுற ஊர்னா குஜராத்துல பாலிதானா. நல்ல ரீடுதான் அதுவும். ஆனா பாலிதானான்னு சொல்லி விலை கேக்குற ஆளை நான் இன்னும் பாக்கலை. எல்லாம் ஜெர்மன்தான். நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஒரு கட்டையை லேசாத் தொட்டு, கொஞ்சமே காத்து குடுத்துப் பாப்பேன். நல்ல ரீடு குறைஞ்ச காத்துக்கே பேசிரும். மட்டமானது திக்கும்.

அக்கார்டியன் ஒண்ணும் ஒரு தடவை வந்துச்சு. கலைஞ்சு போன ஆர்க்கெஸ்ட்ரா குழுவோடது. தோள்ல மாட்டி இழுத்து வாசிக்கிற அதுவும் பெட்டிக்குப் பங்காளிதான், உள்ளே அதே மாதிரி நாக்குதான். ஆனா அதுல ரீடை மெழுகு ஊத்தி ஒட்டியிருப்பாங்க. தகரக் கொட்டாயில சித்திரை வெயில்ல நாலு வருஷம் கிடந்திருக்கு. மெழுகு இளகி, பாதி ரீடு இடம் மாறிப் போச்சு. அதை எடுக்க ஆள் இல்லை. நம்ம பெட்டியில ரீடுக்குத் திருகாணி. வெயிலைத் தாங்கும்.

விலைக்கு வருவோம். பட்டணத்துல இருக்கிறவங்க கேப்பீங்க, இன்ன பொருளுக்கு இன்ன விலைன்னு இருக்காதான்னு. இருக்காது. நாடக சீசன் மாசி பங்குனியில சூடு பிடிச்சு ஆடியோட அடங்கிரும். ஐப்பசி கார்த்திகை மழையில நாடகக்காரங்க வீட்டுல அடுப்பு எரியுறதே கஷ்டம். அப்பத்தான் பெட்டி அடகுக்கும் விலைக்கும் வரும். அதே பெட்டி மாசியில வேணும்னா மூவாயிரம் நாலாயிரம் கூட. வறட்சியில மாட்டை வித்துட்டு மழை பேஞ்சதும் கூட விலைக்கு வாங்கி ஏர் பூட்டுற கதைதான். தொழில் இல்லாத மாசத்துல தொழில் சாமானை விக்கிறவன் கையில விலை நிக்காது. அதனால கார்த்திகையில யாராவது பெட்டி விக்கணும்னு வந்தா, "மாசி வரைக்கும் தாங்க முடியுமா?"ன்னுதான் முதல்ல கேப்பேன். பெரும்பாலும் முடியாது.

போன கார்த்திகையில வந்தது அப்படி ஒண்ணு. விராலிமலைக்குத் தெக்கே ஒரு ஊர். வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல பெட்டி வாசிச்சவர், தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அந்த அக்காவுக்கு நகைக்கடன். ஏலத்துக்கு நோட்டீஸ் வந்துருச்சு. வட்டியோட இருபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் கட்டணும். வீட்டுல விக்கிற மாதிரி இருந்தது அந்தக் கால் பெட்டி ஒண்ணுதான்.

பெட்டியைப் பாத்ததும் எனக்கே கை பரபரத்தது. தேக்கு மரம், மூணரை ஸ்தாயி, நாப்பத்திரண்டு கட்டை, டபுள் ரீடு. சாக்கைப் போட்டு மூடி, நாலு காலுக்கும் அடியில செங்கல் வச்சிருந்தாங்க. துருத்தி போயிருச்சு. ரீடு எல்லாம் சுத்தம்.

வாங்க ரெண்டு பேர் இருந்தாங்க. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஓட்டல் ஆக்குறாங்களே, அந்த மாதிரி ஒரு இடத்துக்குப் பழைய சாமான் சேகரிக்கிறவர் ஒருத்தர். முன்வாசல்ல அழகுக்கு வைக்க இருபத்திநாலாயிரம் தர்றேன்னாரு. இன்னொருத்தன் சின்னப் பையன், நாடகத்துல பெட்டி வாசிக்கிறான். அவன் பெட்டியில ரீடு ஒண்ணொண்ணா ஒடியுது. பன்னெண்டாயிரம், அதுலயும் அஞ்சாயிரம்தான் இப்ப, மிச்சம் பங்குனி நாடகத்துக்கு அப்புறம்.

அக்கா பையனை வாசிக்கச் சொன்னாங்க. நான் கீழே குனிஞ்சு, கிழிஞ்ச இடத்தை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவன் மிதிச்சு அஞ்சு கட்டையில ஆரம்பிச்சான். அடுப்படியிலேருந்து சத்தம் வந்துச்சு. "அவரு அதுல எடுக்க மாட்டாருப்பா. அரைக் கட்டை ஏத்திக்க." எழுந்து பாத்தேன். அஞ்சரைக் கட்டைக்கு உண்டான கறுப்புக் கட்டை மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சு குழியா இருந்துச்சு.

"உங்களுக்கு நாடகம் ரொம்பப் பிடிக்குமாக்கா?"ன்னு கேட்டேன்.

"எங்கே தம்பி பாத்தேன்? வருஷத்துல ஆறு மாசம் அந்த மனுசனைத் தூக்கிட்டுப் போனது இந்தப் பெட்டிதான். பிள்ளை பொறந்தப்பவும் இல்லை, எங்க ஆத்தா செத்தப்பவும் இல்லை. யார்கிட்டே வேணாலும் குடு. எனக்கு நகை வரணும்."

அப்படிச் சொல்லிட்டா பேச்சு முடிஞ்சது. இருபத்திநாலாயிரம்தான் குடுக்க முடியும். ஆனா அதுவும் கடனுக்குப் பத்தாது. வாசல் திண்ணையில உக்காந்து யோசிச்சேன். ஓட்டல்காரருக்கு வேண்டியது மரம். பையனுக்கு வேண்டியது பித்தளை. அந்தாளுக்குப் போன் போட்டு நேராவே கேட்டேன், "சார், உள்ளே ரீடு இல்லாம வெறும் பெட்டியா எடுத்துக்குறீங்களா? வாசிக்க முடியாது, பாக்க ஒண்ணும் தெரியாது." கொஞ்ச நேரம் யோசிச்சு இருபத்தியோராயிரம்னாரு. பையன்கிட்டே எண்பத்திநாலு ரீடும் ஏழாயிரம்னு பேசினேன். இப்ப அஞ்சு, மிச்ச ரெண்டு பங்குனியில. கையில இருபத்தாறாயிரம் வந்துச்சு. நகையும் திரும்பிருச்சு.

ரீடைக் கழட்ட ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்தேன். எழுபது வயசுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் திருகாணிக்கருவியைக் கீழே வச்சுட்டார். "நல்லா உசுரோட இருக்கிற பெட்டியை அறுக்கச் சொல்றியே, நீயெல்லாம் மாடு வளக்கிறவனா?"ன்னாரு. நான் பதில் பேசலை. முழுப் பெட்டியா ஓட்டலுக்குப் போயிருந்தா அந்த ரீடு களிம்பு பிடிச்சுத்தான் கிடந்திருக்கும். முழுப் பெட்டியாப் பையன்கிட்டே போயிருந்தா அக்கா நகை ஏலத்துல போயிருக்கும். இதை அவர்கிட்டே சொன்னா ஒத்துக்க மாட்டார். அவர் பெட்டி பக்கத்துல நிக்கிறார், நான் அந்த வீட்டுத் திண்ணையில நிக்கிறேன். அக்கா ஒரு சொம்பு மோர் கொண்டாந்து வச்சாங்க. குடிச்சுட்டு, பேசாம வேலையை ஆரம்பிச்சார். மத்தியானத்துக்கு மேல ஆச்சு. ஒவ்வொரு ரீடையும் காகிதத்துல சுத்தி, கட்டை நம்பர் எழுதி வச்சார். கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு, "இதுக்கெல்லாம் கூலி வாங்க மாட்டேன்"னு கோவமாச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டார்.

பையன் பெட்டிக்கு அந்த ரீடை மாட்டினதும் அவரேதான். அதுக்குக் கூலி வாங்கினாராம். பங்குனியில பையன் சொன்னபடி ரெண்டாயிரத்தைக் கொண்டுபோய் அக்காகிட்டேயே குடுத்துட்டான். சித்திரையில பக்கத்து ஊர் நாடகத்துல அவன் வாசிக்கக் கேட்டேன். மேல் ஸ்தாயியில ஒரு சுரம் லேசாப் பிசிறுச்சு. மத்தபடி குறைஞ்ச காத்துக்கே பேசுது.

மணப்பாறைப் பக்கம் ஒரு பஜனை மடத்துல கைப்பெட்டி ஒண்ணு கிடக்காம், வந்து பாருங்கன்னு நேத்து போன் வந்துச்சு. ஜெர்மன் ரீடாம். கடலை பறிப்பு முடிஞ்சுதான் போகணும், இந்த வாரம் ஆள் கிடைக்கிறதே பெரும்பாடா இருக்கு.