அக்காவுக்குத் திறக்காத கதவு

வர்ஜீனியாவுக்கு வந்து இருபது வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மகள் ஆசைப்பட்டாளென்று ‘கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்’ படத்தைக் குடும்பமாகப் பார்த்தோம். 1967இல் ஸ்டான்லி கிராமர் இயக்கிய படம். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி, தான் மணக்கவிருக்கும் கறுப்பின மருத்துவரை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். மருத்துவராக சிட்னி பாய்ட்டியர். பெண்ணின் அப்பாவாக வரும் ஸ்பென்சர் டிரேசி, சமத்துவம் பேசும் பத்திரிகை அதிபர். அந்தச் சமத்துவம் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்போது தடுமாறிப்போகிறார்.

அந்தத் தடுமாற்றத்தை நான் ஆவடியில் பார்த்திருக்கிறேன். டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். எதிர்வீட்டில் மலையாளிகள், பக்கத்தில் தெலுங்குக்காரர்கள், மாடியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் பாத்திரங்கள் வீடு மாறும். அப்பா தொழிற்சங்கக்காரர், சாதி ஒழியவேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். 1989இல் அக்கா, உடன் படித்த தலித் இளைஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். அப்பா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது பதினேழு வயது. தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் இன்று வாழும் இதே வர்ஜீனியாவில், இனம் கடந்து மணந்த குற்றத்துக்காக ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் தம்பதியை 1958இல் கைது செய்தார்கள். 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்றது உள்ளூர் நீதிமன்றம். 16 மாநிலங்களில் இனம் கடந்த மணத்துக்கு இருந்த தடையை 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதே 1967இல்தான் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. புரோகிதர் வேண்டாம், உற்றார் முன்னால் மாலை மாற்றினாலே போதும்.

இரண்டு ஊரிலும் சட்டம் வழிவிட்டுவிட்டது. ஆனால் இங்கே நம்மவர் வீட்டு விருந்துகளில், “வெள்ளைக்காரப் பையன்னாகூடப் பரவாயில்ல, கறுப்பன் மட்டும் வேணாம்” என்று இன்னும் கேட்கிறேன். ஊரில் சாதி பார்த்த கண்தான் இங்கே நிறம் பார்க்கிறது.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அத்தை வந்து நின்னப்போ நீங்க ஏம்ப்பா திறக்கல?”

பயந்துவிட்டேன் என்றேன். அது உண்மை, அது போதாது என்பதும் உண்மை.

ஓய்வுபெற்ற பின் அப்பா பட்டாபிராமில் வீடு கட்டினார். அக்கா அந்த வீட்டுப் படியேறியது 2003இல், அவர் உடலைப் பார்க்க.

உங்கள் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முதலில் கதவைத் திறங்கள். மற்றதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.